டிமென்ஷியா உள்ளவருக்கு வீட்டில் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது மகளோ மருமகளோ மனைவியோ, வீட்டோடு இருக்கும் அட்டெண்டரோதான். அதனால் இங்குள்ள பதில்கள் ஆஸ்பத்திரிக்காக எழுதியவை அல்ல. கூடத்தையும் குளியலறையையும் மனதில் வைத்து எழுதியவை.

பாட்டு கேட்டால் ஞாபகம் திரும்புமா?

திரும்பாது. நோய் முற்றும் வேகத்தை இசை குறைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் 22 ஆய்வுகளை, மொத்தம் 1,097 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. குறைந்தது ஐந்து அமர்வுகள் இசை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது, நடத்தைச் சிக்கல்களும் ஒட்டுமொத்தமாகக் கொஞ்சம் தணிந்திருந்தன. ஞாபகசக்தியில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. கத்துவது, கை ஓங்குவது ஆகியவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அமர்வுகள் நின்ற பிறகும் பலன் நீடித்தது என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை.

ஹெட்போன் மாட்டியதும் கண்விழித்துப் பாட ஆரம்பிக்கும் பெரியவரின் வீடியோ உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். அப்படி நடப்பதுண்டு. அந்த மூன்று நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் நடந்தது வீடியோவில் இருக்காது, அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருந்தது, குளிப்பாட்டும்போது சண்டை வரவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பெற்ற மகள் பெயர் தெரியவில்லை. அறுபது வருஷப் பழைய பாட்டு மட்டும் அடி பிசகாமல் வருகிறதே?

காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்பதைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ், டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமரில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று. பல்லாண்டு கேட்டுப் பழகிய பாட்டு அதை மட்டும் நம்பி நிற்பதில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு ஒப்பீடு செய்தார்கள். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையில் எந்தப் பகுதிகள் வேலை செய்கின்றன என்று இளைஞர்களிடம் பார்த்துவிட்டு, அதே பகுதிகள் அல்சைமர் நோயாளிகளிடம் எப்படி இருக்கின்றன என்று பார்த்தார்கள். மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய, அசைவைத் திட்டமிடுவதில் பங்குள்ள அந்த இடங்கள் மற்ற பகுதிகளைவிடக் குறைவாகவே சுருங்கியிருந்தன.

ஆகவே பாட்டு வருகிறது, பெயர் வரவில்லை என்றால் பாசத்தில் குறை இல்லை. முகத்தோடு பெயரைக் கோக்கும் வேலை நடக்கும் இடம் வேறு.

மியூசிக் தெரபி என்பதும் நாங்கள் பாட்டுப் போடுவதும் ஒன்றா?

இல்லை. பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் முதலில் அவரை மதிப்பிடுவார், ஒரு இலக்கு வைப்பார். ‘மாலைப் பதற்றத்தைக் குறைப்பது’ ஒரு இலக்கு, ‘பேச்சு குறைந்தவரிடம் குரலை வரவழைப்பது’ இன்னொன்று. நேரில் பாடுவார், வாசிப்பார், நோயாளி அந்த நொடியில் காட்டும் அசைவுக்கேற்பத் தாளத்தையும் சுருதியையும் மாற்றுவார், பிறகு குறித்துவைப்பார். பிரிட்டனில் பதிவு பெறாதவர் இந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. நம் ஊரில் யாரையாவது அமர்த்துவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், மறதிநோய் உள்ளவர்களோடு மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறீர்கள், முன்னேற்றத்தை எப்படிப் பதிவு செய்வீர்கள்? நன்றாகப் பாடத் தெரிந்திருப்பது மட்டும் போதாது.

வீட்டில் நீங்கள் செய்வது அவருக்கேற்ற பாட்டைத் தேர்ந்து கேட்கவைப்பது. அதற்குப் பட்டம் தேவையில்லை. பார்த்துச் செய்யும் பொறுமை இருந்தால் போதும்.

எந்தப் பாட்டைப் போடுவது?

பத்து வயதிலிருந்து இருபத்தைந்து, முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் மனிதர்களுக்கு அதிகம் ஞாபகம் இருக்கின்றன. பாட்டும் அப்படியே. எனவே பிறந்த வருஷத்தோடு 10-ஐயும் 25-ஐயும் கூட்டுங்கள். 1944-ல் பிறந்தவர் என்றால் 1954 முதல் 1969 வரை. அவர் கொஞ்ச நாள் முன்புவரை விரும்பிக் கேட்ட பாட்டாக இருந்தாலும், 1990-களில் வந்தது என்றால் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

வருஷம் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் பாட்டு அவர் காதுக்கு எந்த வழியாக வந்தது என்று விசாரியுங்கள். 1952-க்குப் பிறகு சில வருஷங்கள் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவைத்திருந்தது. அதனால் அந்தத் தலைமுறையில் பலருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே இலங்கை வானொலி. வீட்டில் ரேடியோவே இல்லாதவருக்கு டீக்கடையும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் டூரிங் டாக்கீஸும். வயலில் நின்றவர்களுக்கு நடவுப் பாட்டு, கும்மி, கூத்து. சிலருக்குச் சபா கச்சேரி, சிலருக்குத் தேவாரம், திருப்புகழ், சிலருக்கு ஞாயிறு ஆராதனையின் கீர்த்தனை, சிலருக்கு நோன்பு நாட்களில் கேட்ட பாட்டு. இருபது வயதில் பம்பாய்க்கு வேலைக்குப் போனவருக்கு இந்திப் பாட்டுதான் உயிராக இருக்கும். வீட்டிலுள்ள யாருக்கும் அது தோன்றாது.

விசாரிக்கச் சரியான ஆள் பிள்ளைகள் இல்லை. அவருடைய தம்பி, தங்கை, பழைய சிநேகிதர், அதே தெருவில் வளர்ந்தவர். பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் தங்கள் சிறுவயதில் வீட்டில் ஓடிய பாட்டு. அப்போது அப்பாவுக்கு நாற்பது வயது.

இருபது பாட்டு சேர்ந்ததும் சோதனை. ஒரு நாளைக்கு மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் ஒன்று ஒன்றரை நிமிஷம், வேறு சத்தம் இல்லாத நேரத்தில். போனைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். உதடு அசைகிறதா, விரல் தாளம் போடுகிறதா, கண் உங்களைத் தேடுகிறதா, நெற்றி சுருங்குகிறதா, ஒன்றுமே இல்லையா? ஒரு நோட்டில் பாட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாத பாட்டை இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். கடைசியில் பன்னிரண்டு, பதினைந்து பாட்டு தேறினால் தாராளம்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் சில. அதே பாட்டின் ரீமிக்ஸ், வேறொருவர் புதிதாகப் பாடியது, வாத்தியத்தில் மட்டும் வாசித்தது எல்லாம் நமக்கு ஒன்றுபோலத் தோன்றும், அவருக்கு அது தெரியாத பாட்டு. பழைய ரிக்கார்டின் கரகரப்போடு அசல் குரலையே தேடி எடுங்கள். இரண்டாவது, துக்கத்தோடு ஒட்டிய பாட்டு. ஒப்பாரி மெட்டில் அமைந்த சினிமாப் பாட்டும், கணவர் இறந்த சமயத்தில் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் சோதனைக்கே வர வேண்டாம்.

மூன்றாவது, சுப்ரபாதம். அமைதியாக இருக்கிறதே என்று மாலை ஐந்து மணிக்கு அதைப் போடுவார்கள். அறுபது வருஷமாக விடியற்காலையில் கேட்டவருக்கு அது விடிந்துவிட்டது என்ற செய்தி. எழுந்து பல் தேய்க்கப் போவார், காப்பி கேட்பார், ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக் குழம்புவார். அதே சுப்ரபாதம் காலை ஆறு மணிக்கு ஒலித்தால் எந்தக் கடிகாரத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

மறதிக்கு எந்த ராகம் நல்லது?

இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று ஒரு அட்டவணை சுற்றிக்கொண்டிருக்கிறது. மறதிநோய்க்கு அது பொருந்தும் என்பதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. கர்நாடக இசையில் ஊறியவருக்கு அவர் காதலித்த ராகம் பலன் தரும், அவர் காதலித்தார் என்பதற்காக. கச்சேரிப் பக்கமே போகாதவருக்கு நீலாம்பரியைப் போட்டால் சலித்துக்கொள்வார்.

எப்போது, எவ்வளவு நேரம்?

பலர் தவறவிடுவது இதைத்தான். அவர் கத்த ஆரம்பித்த பிறகு ஓடிப்போய்ப் பாட்டுப் போட்டால், கொதிக்கும் நேரத்தில் அது இன்னொரு சத்தம்தான். அமெரிக்காவில் முதியோர் செவிலியர்களுக்காக வகுத்த நெறிமுறை ஒன்று, பதற்றம் வழக்கமாக உச்சத்துக்குப் போகும் நேரத்துக்கு அரை மணி முன்பே, அவருக்கென்று தேர்ந்த இசையை அரை மணி நேரம் கொடுக்கச் சொல்கிறது.

அந்த உச்ச நேரம் எது என்று தெரிய ஒரு வாரம் குறிப்பெடுங்கள். எத்தனை மணிக்கு நடமாட ஆரம்பித்தார், எப்போது ‘வீட்டுக்குப் போகணும்’ என்றார், அதற்குமுன் என்ன நடந்தது என்று எழுதினாலே போதும். பலருக்கு வெளிச்சம் மங்கும் நேரம் அது. ஐந்தரைக்குத் தொடங்குகிறது என்றால் ஐந்து மணிக்குப் பாட்டு. அதற்குள் விளக்கையும் போட்டுவிடுங்கள்.

பழைய சினிமாப் பாட்டுகள் மூன்று மூன்றரை நிமிஷம்தான், அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் கொண்டது அவ்வளவே. எட்டுப் பாட்டு அரை மணி. வரிசையிலும் விஷயம் இருக்கிறது. அவர் அப்போது இருக்கும் மனநிலைக்கு ஏற்ற பாட்டில் தொடங்கி, மெல்ல மெல்ல நமக்கு வேண்டிய இடத்துக்கு இறக்கிக்கொண்டு வருவது. 1940-களிலிருந்து இசை சிகிச்சையாளர்கள் பயன்படுத்தும் முறை இது. நிலைகொள்ளாமல் நடப்பவருக்கு எடுத்ததும் தாலாட்டைப் போடாதீர்கள். இரண்டு துள்ளல் பாட்டு, மூன்று நடுத்தரம், கடைசி மூன்றும் நிதானம்.

நாள் முழுக்க ஓடவிடுவது வேண்டாம். ஒன்று, காது மரத்துப்போகும், பாட்டு வெறும் பின்னணி இரைச்சலாகிவிடும். இன்னொன்று, வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் அத்தனை நேரமும் அதற்குள் அடைபட்டுக் கிடப்பார்.

ஸ்பீக்கரா, ஹெட்போனா?

பெரும்பாலான வீடுகளுக்குச் சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். அவருக்கு முன்னால், ஒரு மீட்டர் தூரத்தில், அவர் பார்க்கும்படி வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் யாரோ அறைக்குள் இருப்பதாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். டிவியை அணைத்துவிடுங்கள், மிக்சி ஓடும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

சத்தம் சாதாரணப் பேச்சின் அளவு, சுமார் 60 டெசிபல். பாட்டு ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் அளவு சரி. அப்படியும் அவருக்குக் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுமுன் காதைப் பாருங்கள். குரும்பி அடைத்திருப்பது இந்த வயதில் சாதாரணம், காது டாக்டர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். பட்ஸ் போட்டு நீங்களே குடையாதீர்கள், உள்ளே தள்ளிவிடும்.

வீட்டில் ஆட்கள் அதிகம், இரைச்சல் அதிகம் என்றால் காதை மூடும் பெரிய ஹெட்போன் உதவும். காதுக்குள் செருகும் இயர்போன் இவர்களுக்குச் சரிவராது, என்ன இது என்று பிடுங்கி எறிவார்கள், வாயில் போட்டுக்கொள்வதும் உண்டு. முதலில் நீங்கள் மாட்டிக் காட்டி, பாட்டை ஓடவிட்டுப் பிறகு அவர் காதில் வையுங்கள். காது மெஷின் போட்டிருப்பவருக்கு ஹெட்போன் அழுத்தினால் விசிலடிக்கும், அவருக்கு ஸ்பீக்கரே மேல். காது மெஷின்கள் பேச்சுக்காக அமைத்தவை, இசையைக் கொஞ்சம் சிதைக்கும். சில மாடல்களில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

யூடியூபில் நேராகப் போடாதீர்கள். அருமையாகக் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பார், அடுத்த நொடி நகைக்கடை விளம்பரம் உரத்த குரலில் குதிக்கும், அரை மணி வேலை வீண். பாட்டுகளைப் பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ முறையாக வாங்கி ஏற்றி, வரிசைப்படி வைத்து, போனின் அழைப்பு ஒலியையும் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

குளிக்க வைப்பதுதான் பெரிய போராட்டம். அதற்குப் பாட்டு உதவுமா?

நன்றாகவே உதவும், ரிக்கார்டைவிட உங்கள் குரல். குளியலறையில் சத்தம் எதிரொலிக்கும், ஸ்பீக்கர் வைத்தால் குழப்பம்தான் கூடும்.

தண்ணீர், துண்டு, மாற்றுத் துணி, சோப்பு எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு வாருங்கள், நடுவில் ஓடக் கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே பாட்டை ஆரம்பியுங்கள். ‘குளிக்கலாம் வாங்க’ என்ற சொல்லே வேண்டாம். அவருக்குப் பழகிய கும்மிப் பாட்டு ஒன்றை நீங்கள் பாட, அவர் இரண்டு தட்டு தட்டியதும் கையைப் பிடித்து எழுப்பி, அதே நடையில் நடத்துங்கள். உட்கார்ந்ததும் முதலில் பாதத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு முழங்கால், பிறகு கை. ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் பாட்டின் ஓர் அடி முடியும்போது விழட்டும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும், திடுக்கிடல் குறையும். தலைக்கு ஊற்றுவது கடைசி. அப்போது பாட்டை நிறுத்தி, ‘அம்மா, இப்போ தலைக்கு ஊத்தப்போறேன்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். பாட்டின் மறைவில் தலையில் கொட்டினால் அந்தப் பாட்டே பிறகு பயமாகிவிடும்.

குளியலுக்கு ஒரே பாட்டு, எப்போதும் அதே பாட்டு. அட்டெண்டருக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

பாட்டு கேட்டதும் அழுகிறார். நிறுத்திவிடலாமா?

உடனே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணீர் வந்தும் முகம் இளகி, பாட்டோடு கூடவே போகிறார் என்றால் அது நல்ல அழுகை, பாட்டு முடியட்டும். மூச்சு வேகமாகிறது, உடம்பு விறைக்கிறது, எழுந்து போகப் பார்க்கிறார், பாட்டு முடிந்தும் விம்மல் அடங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, நோட்டில் அந்தப் பாட்டின்மேல் ஒரு கோடு. ‘ஏன் அழறீங்க?’ என்று துருவாதீர்கள். காரணம் அவருக்கே எட்டாது. பதில் சொல்ல முடியாததும் ஒரு வேதனை.

அவரைப் பாடச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள், பாட விடுங்கள். ‘அடுத்த வரி என்ன, சொல்லுங்க பாப்போம்’ என்பது பரீட்சை. நீங்கள் ஒரு வரியைப் பாடி, கடைசிச் சொல்லுக்குமுன் நிறுத்தி, அவர் வாயைப் பாருங்கள். ஐந்து விநாடி, பத்து விநாடி காத்திருங்கள். அந்த அமைதி நமக்குத்தான் நீளம். பலர் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுப்பார்கள். வரவில்லை என்றால் நீங்களே முடித்து அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

பழைய பாடகிகள் பாடிய சுருதி மிக உயரம், எழுபது வயதுத் தொண்டைக்கு எட்டாது. பாட ஆசைப்பட்டும் சட்டென்று நிறுத்திவிடுகிறார் என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம். ரிக்கார்டை அணைத்துவிட்டு, நாலைந்து சுருதி இறக்கி, கொஞ்சம் மெதுவாக நீங்கள் ஆரம்பியுங்கள். எழுந்து ஆட வேண்டாம், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் மீள்வது கடினம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டல் போதும்.

சாப்பிடும்போது போடலாமா?

மெல்லிய, சொற்கள் இல்லாத இசை என்றால் சரி. கூடவே பாடத் தூண்டும் பாட்டு கூடாது. வாயில் சோற்றோடு பாடினால் புரையேறும். விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் உள்ளவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் எந்தப் பாட்டும் வேண்டாம்.

ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்கிறார். அல்லது ஓடாத பாட்டு ஓடுகிறது என்கிறார்.

இரண்டும் வேறு வேறு. முன்மூளை பாதிக்கும் வகை மறதிநோயில் சிலருக்கு இசைமேல் அடங்காத ஆசை புதிதாக வரும், ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. தடுத்தால் சண்டை. நேரம் வகுத்து, முடிந்ததும் கையில் வேறு வேலை கொடுத்துத் திருப்புங்கள். உங்கள் காதுக்கு ஓய்வு வேண்டுமே, அப்போது அவருக்கு ஹெட்போன்.

இல்லாத பாட்டு கேட்பது பெரும்பாலும் காது மந்தமானவர்களுக்கு நேர்வது, லூயி பாடி எனும் மறதிநோய் வகையிலும் உண்டு. வாதாடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், காதையும் சோதியுங்கள்.

பேச்சே நின்றுவிட்டது, படுக்கையில் இருக்கிறார். இனி பாட்டால் என்ன?

காது கேட்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் கைமேல் உங்கள் கையை வைத்து, அவர் மூச்சின் வேகத்துக்கு மெல்லப் பாடுங்கள் அல்லது முணுமுணுங்கள். பதில் மிகச் சின்னதாக வரும். புருவம் உயரும், விழி உங்கள் பக்கம் நகரும், மூச்சு நிதானமாகும், இறுகிய விரல் தளரும். சுருதி சேரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். அவர் முப்பது வருஷமாகக் கேட்ட குரல் உங்களுடையது.

பாட்டு நன்றாக வேலை செய்கிறது. மாத்திரையைக் குறைக்கலாமா?

நீங்களாகக் கூடாது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் முடிவு செய்வார். தூக்க மாத்திரையையோ மனநல மாத்திரையையோ திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஒரு மாதமாக நன்றாகக் கேட்டவர் இந்த வாரம் பாட்டுப் போட்டாலே கத்துகிறார். ஏன்?

ஓரிரு நாளில் வந்த மாற்றம் என்றால் குற்றம் பாட்டில் இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கத்துவார். அன்றே மருத்துவரைப் பாருங்கள். மயங்கினாற்போலத் தூங்கிவழிந்தாலோ ஆளே மாறினாற்போலப் பேசினாலோ தாமதிக்கக் கூடாது.

மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஆர்வம் குறைந்தால் காதைச் சோதியுங்கள். பட்டியலை இன்னும் பின்னுக்கு, பத்து வயதுக்கும் முந்தைய தாலாட்டுக்கும் நிலாப் பாட்டுக்கும் நகர்த்திப் பாருங்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

1992-ல் தொடங்கிய ‘ஆர்ட்சி’ என்ற அல்சைமர் சங்கத்துக்கு இந்தியாவின் பல ஊர்களில் கிளைகள் உண்டு. சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநல நிறுவனமும் பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் மறதிநோய்க்கான சேவை நடத்துகின்றன. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. போன் செய்யுமுன் கடைசி இரண்டு வாரக் குறிப்பு நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வியே ‘எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?’ என்பதாகத்தான் இருக்கும்.